ஒரு முடிச்சு சிவப்பு

என் மனைவி கோகிலவாணிக்கும் எனக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் எழுத்தில் ஒரே ஒரு ஒப்பந்தம்தான் போட்டிருக்கிறோம். அவள் எழுதி வாசித்துக் காட்டினாள். நான் கட்டைவிரலை வைத்தேன்.

'வரும் ஞாயிற்றுக்கிழமை சிகாமணி தன் ஆம்ப்ளிஃபயரைத் தானே பொருத்தலாம். தப்பு எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த அறையைப் பற்றிக் கோகிலவாணி இனி வாயே திறக்க மாட்டாள். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் சிகாமணி அவளை வீட்டுச் சாட்சியாகப் பதிவு செய்ய வேண்டும்.'

வீட்டுச் சாட்சி என்றால் என்ன என்று நீங்கள் கேட்டால் உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று அர்த்தம். பிறவியிலேயே பார்வை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் மனப்பாடம். 2043-இல் ஒரு விதி வந்தது. பார்வை இல்லாதவர் எந்த மின்சாதனத்தைத் தானே பொருத்தினாலும் அதற்குப் பூட்டுப் பிளக்தான் கொடுப்பார்கள். கண் தெரிந்த ஒருவர், "கண்ணால் கண்டேன், இணைப்பு சரி" என்று தன் வாயால் சொன்னால்தான் அந்தப் பிளக் வழியாகக் கரண்ட் ஓடும்.

அப்படிச் சொல்ல இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒருவர் லைன் சாட்சி. ஒவ்வொரு வேலைக்கும் போன் போட்டுக் கூப்பிடலாம். வேலை முடிந்ததும் அவர் யாரோ, நாம் யாரோ. இன்னொருவர் வீட்டுச் சாட்சி. வீட்டில் இருக்கும் ஒருவரை ஒரு தடவை பதிவு செய்துவிட்டால் அப்புறம் லைன் சாட்சி கிடையாது. ஒரு ஃபியூஸ் மாற்றுவதென்றாலும் அந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். அதைத் திரும்ப மாற்றவும் முடியாது.

கோகிலாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அது பட்டாசு போல வெடித்து, ஒரு துண்டு என் கன்னத்தில் ஏறியது. "கண்ணுக்கு ஒரு இஞ்ச் கீழங்க," என்று அவள் அழுதாள். "கண்ணுல பட்டிருந்தா மட்டும் என்ன கெட்டுப்போகுது?" என்று நான் சிரித்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்தச் சிரிப்புக்கு இன்னும் வெட்கப்படுகிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் இருபது வருஷமாக மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்கிறவன் நான். அங்கே என் காதை நம்பி ஆயிரக்கணக்கில் மோட்டார் லாரி ஏறுகிறது. வீட்டுக்கு வந்தால் ஒரு ஸ்க்ரூ திருகப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்க வேண்டுமா? அந்த ஒரு அறையும் என் இரண்டு கையும்தான் எனக்கென்று இருந்தவை. அன்றைக்குப் பந்தயத்தில் இருந்தது அதுதான்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் அறைக்குள் போனேன். பழைய சாமான் அறை அது. பாட்டுக் கேட்பதற்காக இரண்டு ஜன்னலையும் பொள்ளாச்சித் தென்னை நார்ப் பலகையால் அடைத்திருக்கிறேன். வெளிச் சத்தம் உள்ளே வராது, உள்ளே எதிரொலி இருக்காது. கதவைச் சாத்தினேன். கரண்ட் வேலையின் முதல் பாடப்படி அறையின் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபேன் கிறங்கி நின்றது. சட்டைக் காலரில் காட்டியைக் குத்திக்கொண்டேன்.

காட்டி என்பது பொத்தான் அளவு கேமரா. தான் பார்ப்பதைச் சொல்லும். அதுவே போதாதா என்றால் போதாதாம். இயந்திரத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்பதால் மேலே ஒரு மனுஷ சாட்சி. அதோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு திரையும் கொடுத்தார்கள். எனக்குத் திரை எதற்கு? காகிதம் பறக்காமல் இருக்க மேசை ஓரத்தில் வைத்திருந்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார். உங்க கண்சாட்சி பியூலா. தூத்துக்குடியில இருந்து பேசுதேன். உங்க காட்டி பாக்குதது எனக்கும் வரும். நம்ம பேச்ச கம்பெனி கேக்காது, வேலை முடிஞ்சுதா இல்லையாங்கிறத மட்டும் எழுதிக்கும். ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிக்கலாம் அம்மிணி. எத்தன வருசமா இந்த வேலைல இருக்கீங்க?"

"அஞ்சு வருசம் சார். நானூறு வீட்டுக்கு மேல மாட்டிக் குடுத்திருக்கேன். பயப்படாதீங்க."

"நான் எங்க பயப்படறேன்? பயமெல்லாம் ஹால்ல உக்காந்து டிவி பாக்கற மாதிரி நடிச்சுட்டு இருக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் சாரெல்லாம் போய் அண்ணாச்சி வந்துவிட்டது. எனக்கு அவளை உடனே பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் வந்த சாட்சிகள் எல்லாம், "அதோ அந்தப் பச்சைக்குப் பக்கத்துல" என்று உயிரை வாங்குவார்கள். இவள் அப்படிப் பேசவில்லை. "பெட்டியோட மூலைய விரலால தட்டுங்க அண்ணாச்சி... ஆங், அங்க இருந்து நாலு விரக்கட தள்ளி ஒரு ஓட்டை இருக்கும்" என்றாள். போர்டு நேராக உட்கார்ந்ததா என்று கேட்டபோது, "ஒரு முனைய அமுக்குங்க, மறுமுனை தூக்குதான்னு பாருங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ மிக வேகமாகக் கிசுகிசுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசை ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரான்ஸ்பார்மரைப் பொருத்தியாயிற்று. இட்லித் தட்டு அகலத்தில் வட்டமாக, நல்ல கனம். பிளக்குக்குப் போகும் கம்பி தவிர, அதிலிருந்து நான்கு கம்பிகள் வெளியே வருகின்றன. உள்ளே இரண்டு சுருள் உண்டு. ஒரு சுருளின் இரு முனைகள் சிவப்பும் கறுப்பும். இன்னொன்றின் முனைகள் மஞ்சளும் ஆரஞ்சும். போர்டில் மூன்று முனை. சிவப்பு முதல் முனைக்கு, ஆரஞ்சு கடைசி முனைக்கு, கறுப்பும் மஞ்சளும் சேர்ந்து நடு முனைக்குப் போக வேண்டும். நான்கு கம்பியும் விரலுக்கு ஒரே மாதிரிதான்.

முதல் கம்பியைக் காட்டிக்கு நேராகப் பிடித்தேன். "சிவப்பு நிறக் கம்பி," என்றது காட்டி.

"சிவப்பு, சரி," என்றாள் பியூலா.

கம்பியின் நுனிக்குக் கொஞ்சம் கீழே நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, கையில என்ன சத்தம்?"

"நூலுங்க. ஒரு முடிச்சு செவப்பு, ரெண்டு முடிச்சு கறுப்பு, மூணு மஞ்ச, நாலு ஆரஞ்சு. ஒரு தடவ கட்டிப்போட்டா அப்பறம் யாரையும் கேக்க வேண்டாம் பாருங்க."

"நல்ல யோசனை. நான் சார்ஜர் வயருக்கு ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருக்கேன்." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். "அடுத்த கம்பி காட்டுங்க."

நான்கையும் காட்டினேன். காட்டி நான்கு நிறமும் சொன்னது, அவள் நான்குக்கும் சரி சொன்னாள், நான் முடிச்சுப் போட்டு அந்தந்த முனையில் இறுக்கினேன். வேர்வை முதுகில் வழிந்தது. மணி மூன்றரை. பேசும் கடிகாரம் சொன்னது.

"எல்லாம் சரி," என்றது காட்டி. "சாட்சி வாக்கியத்துக்குத் தயார்."

"சொல்லிரவா அண்ணாச்சி?" என்றாள்.

"ஒரு நிமிசம் இருங்கம்மிணி. மீட்டர் வெச்சுப் பாத்துக்கறேன்."

விதிப்படி மீட்டர் தேவையே இல்லை. கண்ணால் கண்டது போதும். ஆனால் கைப்பழக்கம் விடுமா? ஒரே சுருளின் இரு முனைகளையும் தொட்டால் என் மீட்டர் 'பீப்' என்று கத்தும். முதல் முனையில் ஒரு ஊசியும் நடு முனையில் இன்னொன்றும் வைத்தேன். கத்த வேண்டும். கத்தவில்லை. மறுபடி வைத்தேன். சத்தமில்லை. முதல் முனையிலும் கடைசி முனையிலும் வைத்தேன். பீப்.

முதல் முனையும் கடைசி முனையும் ஒரே சுருள் என்றால், இன்னொரு சுருளின் இரண்டு வாயும் நடு முனையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நேர் ஷார்ட். பியூலா அந்த வாக்கியத்தைச் சொல்லி, நான் சுவிட்சைப் போட்டிருந்தால் இட்லித் தட்டு வெந்திருக்கும். பக்கத்தில் குனிந்திருக்கும் என் முகமும் சேர்ந்து.

விஷயத்தைச் சொன்னேன். உடனே அவள், "உங்க மீட்டர் சொல்லுததுதான் சரியா இருக்கும் அண்ணாச்சி. எல்லாத்தயும் கழத்துங்க," என்றாள்.

அதுதான் எனக்கு உறுத்தியது. கண் தெரிந்த ஒருவர் தான் கண்டதை விட்டுவிட்டு இத்தனை சீக்கிரம் என் மீட்டரை நம்பி நான் பார்த்ததில்லை. "இல்லீங்கம்மிணி. நாலாவது முடிச்சுக் கம்பிய நீங்களே நல்லா உத்துப் பாத்துச் சொல்லுங்க. அது என்ன கலர்?"

அந்தக் கிசுகிசுப்பு மட்டும் ஓடியது.

அப்போது கதவு திறந்தது. காபி வாசனை. அதற்குப் பின்னால் கோகிலாவின் குரல். "ஏனுங்க! என்னங்க இது, கும்மிருட்டுல உக்காந்து என்ன பண்றீங்க?"

எனக்குப் புரியச் சில வினாடி ஆயிற்று. ஜன்னலை அடைத்தது நான். கதவைச் சாத்தியது நான். மெயினை அணைத்தது நான். ஃபேன் நின்றது தெரிந்தது. அதோடு சேர்ந்து விளக்கும் போகும் என்பது எனக்கு எப்படித் தோன்றும்? என் வாழ்க்கையில் விளக்கு என்பது மற்றவர்கள் அணைக்கச் சொல்லும் ஒரு சுவிட்ச். சரி, எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை மணி நேரமாக அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பியூலாவுக்கு?

மீட்டர் காட்டிய ஷார்ட்டைச் சொன்னதும் கோகிலாவும் அந்தக் கேள்வியில்தான் வந்து நின்றாள். காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "ஏம்மா, போன்ல இருக்கறது யாரு? நீதான சாட்சி? வெளிச்சமே இல்லாம நீ என்னத்தக் கண்டே?"

"பாக்கலக்கா," என்றது குரல். "எனக்குக் கண்ணு தெரியாது."

அந்தக் கிசுகிசுப்பு என்னவென்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மேசையும் இல்லை, ஆளும் இல்லை. கம்ப்யூட்டர் திரையை வாசிக்கும் குரல், நாலு மடங்கு வேகத்தில். தினமும் என் காதில் ஓடும் அதே குரல். மோட்டாருக்குள் நோயைக் கண்டுபிடிக்கிற மகா காது, அதைக் கோட்டைவிட்டிருக்கிறது.

"சேரும்போது நல்லா தெரிஞ்சுதுக்கா," என்றாள் பியூலா. "மூணாவது வருசத்துல இருந்து ஓரம் ஓரமா மங்கிச்சு. போன வருசம் மொத்தமும் போயிட்டு. சொன்னா வேலை போயிரும். காட்டி சொல்லுதத எழுத்தா எனக்கும் அனுப்பும், அத மெஷின் வாசிக்கும். அத வச்சு ஓட்டிட்டேன். அண்ணாச்சி மாதிரி ஆளுக்கு எப்பிடிச் சொன்னா விளங்கும்னு எனக்கு முன்ன விட இப்பத்தான் நல்லா தெரியுது. வெளிச்சம் இல்லன்னா காட்டியே சொல்லிரும்னு நெனச்சேன். அது ஏன் சொல்லலன்னு எனக்கு வெளங்கல."

"வெளங்கலயா? ஒரு நிமிசத்துல இந்த மனுசன நான் தொலைச்சிருப்பேன், உனக்கு வெளங்கலயா?" கோகிலாவின் கை என் கன்னத்துக்கு வந்தது. பழைய தழும்பின் மேல் ஒரு தடவை அழுத்தியது. அது அவளுக்கே தெரியாமல் நடக்கும் பழக்கம்.

பிறகு எதையோ எடுத்தாள். "இதென்ன, இந்தக் குட்டித் திரைல மஞ்சளா ஒரு பல்புப் படம் மின்னிட்டு இருக்குது?"

"படமா?" என்றோம் நானும் பியூலாவும் ஒரே நேரத்தில்.

"பல்பு. குறுக்க ஒரு கோடு போட்டு. வெளிச்சம் பத்தலங்கற மாதிரி."

"எழுத்து எதுவும் இல்லையாக்கா? பக்கத்துல, கீழ?"

"ஒண்ணுமில்ல. படம் மட்டுந்தான்."

பியூலா மூச்சை இழுத்து விட்டது எங்களுக்குக் கேட்டது. "படத்துக்குப் பேர் எழுதி வச்சாத்தான் வாசிக்கும்க்கா. வெறும் படத்த மெஷின் தாண்டிப் போயிரும். எனக்கும் அது மின்னிட்டுத்தான் இருந்திருக்கும். வெளிச்சம் இல்லாம நெறம் தெரியாதப்ப, விளக்கப் புத்தகத்துல என்ன வரிசையோ அதயே காட்டி சொல்லிருக்கு. நானும் ஆமா போட்டுட்டேன்."

கோகிலா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் கோபம் ஆள் மாறியது எனக்குக் காதிலேயே தெரிந்தது. "கண்ணு தெரியாதவங்களுக்குன்னு பண்ணுன பொட்டில எச்சரிக்கையப் படமாப் போட்ட மகராசன் எவன்? அவனக் கொண்டா மொதல்ல."

சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் அவள் கணக்கான ஆள். கோபம் இறங்கியதும் விஷயத்துக்கு வந்தாள். போனைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு என் காதில் சொன்னாள். "இங்க பாருங்க. இது உங்க தப்பில்ல. நீங்கதான் மீட்டர் வெச்சுக் கண்டுபுடிச்சீங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு புகாரக் குடுத்துட்டு வேற சாட்சியக் கூப்புடுங்க. நம்ம ஒப்பந்தம் அப்படியே நிக்கும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நியாயமான பேச்சு. எனக்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. பாதி வேலையில் சாட்சியை மாற்றினால் காரணம் சொல்லியே ஆக வேண்டும். காரணம் சொன்னால் விசாரணை. விசாரணை என்றால் பியூலா அகப்படுவாள். சாட்சியை மாற்றாமல் முடிப்பதென்றால் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

தள்ளி வைத்த போனிலிருந்து அவளே பேசினாள். எங்கள் ஜாதிக்குக் காது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கோகிலா இத்தனை வருஷத்திலும் மறந்துவிடுகிறாள். "அக்கா சொல்லுதது சரி அண்ணாச்சி. புகார் குடுங்க. கண்ணால கண்டேன்னு இனி என் வாயில வராது. இன்னைக்கு உங்கள நான் கொன்னுருப்பேன்."

"கொஞ்சம் சும்மா இருங்கம்மிணி. புடிபட்டு வெளிய போறது வேற, நீங்களே போயிச் சொல்றது வேற. சொல்றதா இருந்தா அந்தப் பல்புப் படத்தையும் சேத்துக் கொண்டுபோயிச் சொல்லுங்க. அதுக்கு உங்களுக்கு நாலு நாள் வேணும்." இன்னும் ஒரு வழி இருந்தது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் நேரம் ஆயிற்று. பாதி வேலையில் காரணம் கேட்காமல் பொறுப்பை மாற்ற விதியில் ஒரே ஓர் இடம் உண்டு. வீட்டுச் சாட்சி பொறுப்பேற்றால் லைன் சாட்சியை எதுவும் கேட்க மாட்டார்கள்.

"கோகிலா," என்றேன். "உன்னப் பதிவு பண்ணிக்கறேன்."

ஒரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"மாத்த முடியாதுங்க," என்றாள் மெதுவாக. "அப்பறம் எப்பவும் நான்தான்."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு யாரு நமக்கு?"

"தெரியல. ஆனா அவளுக்கு முடிச்சுன்னா என்னன்னு தெரியுது."

கோகிலா தொண்டையைச் செருமிக்கொண்டு காட்டியிடம் தன் பெயரையும் வயதையும் சொன்னாள். "வீட்டுச் சாட்சி பதிவு செய்யப்பட்டார்," என்றது அது, வானிலை அறிக்கை வாசிப்பது போல. என் கை இரண்டும் ரொம்பக் கனமாக இருந்தன. உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. காபியைக் குடித்து விழுங்கினேன். ஆறிப்போயிருந்தது.

கதவை முழுக்கத் திறந்தோம். ஒரு ஜன்னலில் நார்ப் பலகையைக் கழற்றினோம். தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. பியூலா லைனில்தான் இருந்தாள், இப்போது வேலைக்காக இல்லை. முடிச்சுகளை அவிழ்த்து முதலிலிருந்து தொடங்கினோம்.

"இது என்ன கலர்?" என்றேன்.

"செவப்புங்க."

"இது?"

"இதுவும் செவப்பு... இருங்க, ஆரஞ்சா? அதையும் இதையும் பக்கத்துல புடிங்க. ஆரஞ்சுதான்னு நெனைக்கறேன். செவப்பு கொஞ்சம் வெளுத்த மாதிரி. வெளிச்சத்துக்குக் கொண்டாங்க." பெட்டியோடு ஜன்னல் வரை போய் வந்தாள். "உறுதியாச் சொல்ல வரலீங்க."

போனில் பியூலா சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் அடக்கவில்லை. "கண்ணு முழுசா இருக்கறவ நீயே சொல்ல வரலங்கறே?"

"போதும், ரொம்பத்தான். மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

அவள் வாயிலிருந்து அது வந்ததை நான் கவனித்தேன். மீட்டரை வைத்தேன். கறுப்போடு கத்தியது எதுவோ அது சிவப்பு. மஞ்சளோடு கத்தியது ஆரஞ்சு. கறுப்பையும் மஞ்சளையும் கண் சொன்னது, சிவப்பையும் ஆரஞ்சையும் மீட்டர் பிரித்துக் கொடுத்தது. புதிதாக முடிச்சுப் போட்டேன். கோகிலா ஒவ்வொரு முனையாக என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது. ஒரு தடவைகூட, "பாத்துங்க" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை இல்லாமல் அவளோடு ஒரு மணி நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில், "கண்ணால் கண்டேன், இணைப்பு சரி," என்றாள். பிளக்குக்குள் 'டிக்' என்றது. மெயினைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஸ்பீக்கர் இரண்டிலும் சின்னதாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். புகை வாசனை இல்லை.

"பாட்டுப் போடுங்க," என்றாள் கோகிலா.

"அதுக்கு முன்னால ஒரு சோதனை இருக்குது." போனை ஆம்ப்ளிஃபயரில் சேர்த்தேன். கோகிலாவை இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே என் நாற்காலியில் உட்காரவைத்தேன். "அம்மிணி, எதாவது பேசுங்க."

"என்ன பேச? மைக் டெஸ்ட்டிங்னு சொல்லவா?"

கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, இந்தப் புள்ள நடுவுல நின்னு பேசுது!"

"ரெண்டு ஸ்பீக்கரும் ஒத்துப்போனா அப்படித்தான். ஒண்ணு தலைகீழா இருந்தா அவ எங்க நிக்கறான்னே தெரியாது."

"நான் எங்கக்கா நிக்கேன்?" என்றாள் பியூலா.

"இங்கதான் கண்ணு. எனக்கு நேரா. ஒரு எட்டு வெச்சா தொட்டரலாம்." பிறகு குரல் தாழ்ந்தது. "வைது போட்டேன், மனசுல வெச்சுக்காத சாமி."

பியூலா மூக்கை உறிஞ்சியதும் நடுவிலிருந்துதான் கேட்டது.

நாலாம் நாள் அவள் கம்பெனிக்கு எழுதினாள், தன் கண்ணைப் பற்றியும் அந்தப் பல்பைப் பற்றியும். உடனே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு, வாசிக்க வராத படங்கள் இன்னும் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை கொடுத்தார்கள். இதுவரை முப்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து எங்கள் அறை நடுவில் நின்றுகொண்டு அத்தனையையும் சொல்வாள்.

நான் மட்டும் அந்த இரண்டு மாதமும் எதையும் தொடவில்லை. பாஸ் ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைத்திருந்தேன், அதற்கும் ஒரு பூட்டுப் பிளக்கோடு. பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. 'கோகிலா, கொஞ்சம் வந்து பாக்கறியா' என்று கேட்க வேண்டும். கேட்டால் வந்துவிடுவாள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

அவள் அதைக் கவனித்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை என் பாட்டு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து அதை என் கையில் வைத்தாள். "நாளைக்கு நான் அவிநாசிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். பொழுதுசாயத்தான் வருவேன். இதுல என்னோட சாட்சி இருக்குது, வேணும்னா போட்டுக்குங்க."

"ரெக்கார்ட் பண்ணுன குரலப் பூட்டு ஏத்துக்காதே கோகிலா. உசுருள்ள குரல் வேணும்."

"உங்க பொட்டி ஆள அப்படியே கொண்டாந்து நிறுத்தும்னு பெருமை பேசுவீங்கல்ல? நிறுத்தட்டும், பாக்கலாம்." செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை அவள் பஸ் ஏறியதும் ஜன்னல் பலகையை நானே கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். காட்டி சொன்ன நிறத்துக்கு முடிச்சுப் போட்டேன், திருகினேன், ஒவ்வொரு முனையிலும் மீட்டர் வைத்தேன். யாரும் தோளில் மூச்சு விடவில்லை. புதுப் பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகி, ரெக்கார்டரைப் பழைய ஆம்ப்ளிஃபயரில் சேர்த்தேன். பொத்தானை அமுக்கினேன்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, எனக்கு மூன்றடி முன்னால், என் மனைவி வந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். "கண்ணால் கண்டேன், இணைப்பு சரி."

பூட்டு யோசித்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு 'டிக்' என்றது.

நான் கையைத் தட்டிவிட்டேன், தனியாக, பைத்தியக்காரன் மாதிரி. என் ஸ்பீக்கர்களின் மேல் இருந்த பெருமையா, அவள் மேலா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். ரெக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை. அவள் வளையல் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு அதே நடுவிலிருந்து, ரொம்பச் சாதாரணமாக, அவள் கேட்டாள்.

"மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் கோகிலா," என்றேன் வெற்று அறையைப் பார்த்து.

பார்த்துத்தான் இருந்தேன். இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதல் முனையிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன்.